தறுதலை அண்ட் கோ: வசைப்பெயர் வணிகம் குறித்து ஓர் ஆராய்ச்சி

கடைத்தெரு ஒன்றில் பெயர்ப்பலகைகளை மட்டும் படித்துக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பவர், தமிழ்நாட்டில் வியாபாரம் செய்வதெல்லாம் தெய்வங்களே என்ற முடிவுக்குத்தான் வருவார். சிமெண்டு விற்பவர் முருகன். வட்டிக்கு விடுபவர் விநாயகர். பஞ்சர் ஒட்டுபவர் ஐயப்பன். தெய்வம் கிடைக்காத இடத்தில் தாத்தாவின் இனிஷியலும் 'அண்ட் சன்ஸ்' என்ற வாலும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆக, பெயர் என்றால் மங்கலம், மங்கலம் என்றால் கல்லாவில் காசு. தலைமுறை தலைமுறையாக இந்தச் சமன்பாட்டை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

இதற்கு நேரெதிராக, தன் கடைக்குத் தானே ஒரு வசைச்சொல்லைச் சூட்டி, அதைப் பலகையில் எழுதி, ஊதுபத்தியும் கொளுத்தி வைக்கும் ஒரு சிறு கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. விளம்பரத்துக்குக் காசில்லாத சிறு வியாபாரிகள்தான் பெரும்பாலும். சுண்டைக்காய்ச் செய்திகளுக்கெல்லாம் முனைவர் பட்டம் வழங்கப்படும் நாட்டில் இவர்களுக்கென்று ஓர் ஆய்வு வேண்டாமா? அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இலக்கணம். நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பகுக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்கு மனப்பாடம். சபையில் சொல்லக் கூசுவதைக் 'கால் கழுவி வந்தேன்' என்று பூசி மெழுகினால் முதலாவது. சுடுகாட்டை நன்காடு என்றால் இரண்டாவது. பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்றால் மூன்றாவது. பவணந்தியார் காலத்தில் டி-ஷர்ட் இல்லாததால் நான்காவது ஒன்று விடுபட்டுப் போனது. அடக்க வேண்டியதை அவிழ்த்து விட்டு, அதையே பலகையில் எழுதி, கீழே ஜி.எஸ்.டி. எண்ணையும் போட்டுக்கொள்ளும் வழக்கு அது. இக்கட்டுரை அதை 'இடக்கரவிழ்த்தல்' என்று குறிக்கும். பெயர் நன்றாக இல்லையே என்று யாராவது சொன்னால் மகிழ்ச்சி. இந்தத் துறையில் அதுதான் தகுதி.

இதெல்லாம் மேல்நாட்டு வியாதி, நமக்கு ஒட்டாது என்று ஒரு தரப்பு கிளம்பும். ஒட்டாமல் என்ன? நம் பாட்டிமார் கடையே வைக்காமல் இதைச் செய்தவர்கள். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போன வீட்டில், அடுத்து வந்ததைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்து, குப்புசாமி என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிட்டார்கள். பிச்சை என்று பெயர் வைத்து, இது எங்கள் பிள்ளையே இல்லை, யாரோ போட்டது என்று எமனிடம் பொய்க்கணக்கு எழுதினார்கள். பட்டியலைப் பார்த்துக்கொண்டே வருகிறவன் 'குப்பை'யைத் தாண்டிப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. கட்டி முடியாத வீட்டின் முகப்பில் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கும் பூசணிக்காய் முகமும் இதே வகையறாதான். மட்டமான பெயரும் கோரமான முகமும் கண்ணேறைத் திருப்பும் என்று கண்டுபிடித்தவர்கள் நாம். அதே சரக்கு, கண்ணை இழுக்கவும் செய்யும் என்ற மறுபாதியை வியாபாரிகள் கண்டுபிடித்தார்கள்.

இந்த வழக்கத்துக்கு ஓர் இருண்ட கிளையும் உண்டு. ஆண் பிள்ளைக்குக் காத்திருந்த வீடுகளில் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்த பெண்ணுக்குப் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயர் வைத்தார்கள். அங்கே பெயர் வைத்தவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர். வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கப்படும்போது எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' என்றது அந்தக் குழந்தைதான். விளையாட்டாக எழுதப்படும் இக்கட்டுரையில் விளையாட்டில்லாத இடம் இது ஒன்றே. ஆனால் நம் ஆய்வின் ஒரே கோட்பாடும் இங்கிருந்துதான் கிடைக்கிறது: வசை யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. தன் தலையில் விழும்படி பெயர் வைத்தவன் பிழைத்துக்கொள்வான். பிறர் தலையில் விழும்படி வைத்தவன் ஏணி போட்டுப் பலகையைக் கழற்றுவான். இதற்கு வசைத்திசை விதி என்று பெயரிடுவோம்.

விதிக்கு முதல் சான்று கான்பூரில் இருக்கிறது. 'டக்கு கே லட்டு' என்பது கடையின் பெயர். நம் ஊர் நடையில் சொன்னால் 'ஃபிராடுக்காரன் லட்டு'. கோவாவும் ரவையும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துப் பிடித்த லட்டு அது. கடையின் முழக்கம் இன்னும் ஒரு படி மேலே போய், நாங்கள் ஏமாற்றாத சொந்தக்காரன் ஒருவனும் இல்லை என்று இந்தியில் எதுகை மோனையோடு பறைசாற்றுகிறது. பெயர் வந்த கதையாக அங்கே சொல்லப்படுவது இது: கடையை நிறுவிய ராம் அவதார் பாண்டே காந்தியின் மேல் பற்றுள்ளவர். வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று காந்தி சொன்னதைக் கேட்டுவிட்டார். சர்க்கரை இல்லாமல் லட்டு பிடிக்க முடியாது. லட்டு பிடிக்காமல் குடும்பம் நடத்த முடியாது. விஷம் என்று தெரிந்தே விற்பவனுக்கு என்ன பெயர்? அந்தப் பெயரையே பலகையில் எழுதிவிட்டார். சர்க்கரையைக் கைவிடுவதைவிட நற்பெயரைக் கைவிடுவது மலிவு என்ற பொருளாதாரத் தெளிவு எத்தனை பேருக்கு வரும்?

கடையின் இன்னொரு சரக்கு 'பத்நாம் குல்ஃபி', அதாவது பேர் கெட்ட குல்ஃபி. விருந்தாளிக்கு இதைக் கொடுத்துவிடாதே, அப்புறம் கிளம்ப மாட்டான் என்ற பொருளில் அதற்கும் ஒரு முழக்கம். 2005இல் வந்த 'பண்டி அவுர் பப்ளி' இந்திப் படத்தில் கடை தலைகாட்டியது. இரண்டு எத்தர்களைப் பற்றிய படத்துக்கு வேறு எந்த லட்டு பொருந்தும்?

இதை நம் அணியிலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று வகைப்படுத்தலாம். ஆனால் எனக்குச் சுவையாகப் படுவது வாங்குகிறவரின் மனம். 'சுத்தமான நெய்யில் செய்தது' என்று எழுதியிருக்கும் கடையில் நாம் என்ன செய்கிறோம்? லட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறோம். டால்டாவாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறோம். மங்கலப் பெயர் வாடிக்கையாளரைக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலாக்கிவிடுகிறது. 'ஏமாற்றுக்காரன்' என்று எழுதியிருக்கும் கடையிலோ ஒரு வாய் போட்டதும் நமக்கே மனசு கேட்பதில்லை. 'சேச்சே, நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இப்படி எழுதி வச்சிருக்காங்க' என்று கட்சி மாறிவிடுகிறோம். சம்பளம் வாங்காத எதிர்த்தரப்பு வக்கீல், வாய் நிறைய லட்டுடன்.

(திருநெல்வேலி இருட்டுக்கடையை ஏன் சேர்க்கவில்லை என்று வாசகர் கேட்கக்கூடும். இருட்டு வசையன்று, மின்சாரச் சிக்கனம்.)

விதிக்கு எதிர்ச்சான்றும் நம் நாட்டிலேயே கிடைப்பது ஆய்வாளனின் பாக்கியம். 2006இல் நவி மும்பையில் 'ஹிட்லர்ஸ் கிராஸ்' என்று ஓர் உணவகம் திறந்தார்கள். பெயர் மனத்தில் தங்க வேண்டும் என்பது உரிமையாளரின் நோக்கம். தங்கிவிட்டது, தவறான மனங்களில். மும்பையின் யூதர்கள் எதிர்த்தார்கள், இஸ்ரேல் தூதரகம் எதிர்த்தது. சில நாட்களில் ஹிட்லர் போய்ச் சிலுவை மட்டும் மிஞ்சியது. 2012இல் அகமதாபாத்தில் துணிக்கடை ஒன்றுக்கு 'ஹிட்லர்' என்றே பெயர். ஆங்கில 'ஐ' எழுத்தின் புள்ளிக்குள் ஸ்வஸ்திகா வேறு. கூட்டாளி ஒருவரின் தாத்தா ரொம்பக் கண்டிப்பானவர், வீட்டில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று விளக்கம் வந்தது. பலகை இறங்கிவிட்டது. தாத்தாவின் கண்டிப்பைக் காட்ட 'தாத்தா திட்டுவார்' என்றே வைத்திருக்கலாம், கூட்டம் அள்ளியிருக்கும். வசை தாத்தாவோடு நின்றிருக்கும், லட்சக்கணக்கானோரின் சாவின் மேல் போய் விழுந்திருக்காது.

மேல்நாட்டுச் சான்றுகளுக்கு வருவோம். இத்துறையில் கரை கண்டவர் எரிக் புருனெட்டி என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் கலைஞர். 1990இல் சறுக்குப்பலகை இளைஞர்களுக்கான உடைகள் விற்க ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். அதன் பெயர் நான்கு ஆங்கில எழுத்துகள்: எஃப், யு, சி, டி. இந்த நான்கையும் ஒவ்வொன்றாக உச்சரிக்க வேண்டும் என்பது அவர் தரப்பு. சேர்த்து உச்சரித்தால் என்னாகும் என்பதை ஆங்கிலப் படம் பார்க்கும் எவரும் அறிவர். 2011இல் இதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பம் போனது. ஒழுக்கக்கேடானதும் அருவருப்பூட்டுவதுமான சின்னங்களைப் பதியக் கூடாது என்று 1946ஆம் ஆண்டின் லான்ஹம் சட்டம் சொல்வதைக் காட்டி அமெரிக்க வணிகச் சின்ன அலுவலகம் மறுத்துவிட்டது. வழக்கு படிப்படியாக ஏறி 2019 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதத்துக்கு வந்தது.

அன்று நடந்தது இடக்கரடக்கலுக்கும் இடக்கரவிழ்த்தலுக்கும் நேருக்கு நேர் போட்டி. வழக்கே ஒரு சொல்லைப் பற்றியது. அந்தச் சொல்லை நீதிமன்றத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அரசு வழக்கறிஞர், அது அம்மொழியின் தலையாய வசைச்சொல்லின் இறந்தகால எச்ச வடிவத்துக்கு நிகராக மக்கள் காதில் விழும் என்று இலக்கணமாகவே வாதாடி முடித்தார். பெயரெச்சமா வினையெச்சமா என்று நீதிபதிகள் கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். தீர்ப்பை எழுதிய நீதிபதி எலீனா கேகனும் பட்டும் படாமலும் போனார்: எழுத்து எழுத்தாகத்தான் படிக்க வேண்டும் என்கிறார்கள், வேறு மாதிரி படித்தால் அதில் நீங்கள் தனியாளில்லை என்ற பொருளில் ஒரு வரி. ஜூன் 24 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் புருனெட்டி வென்றார். நல்ல கருத்துக்குச் சின்னம் தருவேன், கெட்ட கருத்துக்குத் தரமாட்டேன் என்று அரசு சொல்ல முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அதோடு அவர் நிற்கவில்லை. எழுத்தை மாற்றி எழுதிய வடிவம் கிடைத்ததும், மாற்றாத முழுச் சொல்லையே கேட்டு விண்ணப்பித்தார். 2022இல் அதற்கு வந்த மறுப்பு இத்துறையின் மணிமகுடம். சொல் ஆபாசம் என்று இப்போது சொல்ல முடியாதே! அதனால், இந்தச் சொல்லை எல்லோரும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள், இதைப் பார்த்து இது இன்னார் சரக்கு என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அசிங்கம் என்று கதவைச் சாத்திய அலுவலகம், பொதுச்சொத்து என்று இரண்டாம் முறை சாத்தியது. வழக்கு அதற்கு மேலும் போனது. நமக்கு வேண்டிய தத்துவம் இதற்குள் கிடைத்துவிட்டது. கட்டுரையின் கடைசியில் தேவைப்படும்.

புருனெட்டிக்குப் பாதை போட்டவர்கள் 'தி ஸ்லான்ட்ஸ்' இசைக்குழுவினர். போர்ட்லாந்தைச் சேர்ந்த ஆசிய அமெரிக்கர்கள். தங்கள் கண்களைக் கேலி செய்யப் பிறர் எறிந்த சொல்லையே பொறுக்கியெடுத்துக் குழுவுக்குப் பெயராக்கிக்கொண்டார்கள். இது ஓர் இனத்தை இழிவுபடுத்தும் பெயர் என்று அரசு அலுவலகம் அவர்களிடமே சொன்னது. 2017இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்குச் சுழியம் என்று அவர்கள் பக்கம் நின்றது. வசைத்திசை விதிக்கு இதைவிடத் தெளிவான விளக்கப்படம் கிடையாது.

'பேட் ஃப்ராக்' என்ற பீரையும் சொல்லாமல் விட மனமில்லை. மிச்சிகன் மாநிலத்துச் சிறு நிறுவனம். லேபிளில் ஒரு தவளை, அதன் கையில் ஒரு விரல் மட்டும் உயர்ந்து நிற்கும். முதலில் டி-ஷர்ட்டுக்காக வரைந்த தவளை. பீர் பிறகு வந்தது. அதாவது லேபிளுக்குப் பின்னால் பாட்டில் ஓடியிருக்கிறது. குழந்தைகள் கெட்டுவிடுவார்கள் என்று நியூயார்க் மாநில மதுபான ஆணையம் தடுத்தது. ஆபாசக் கடற்கரையிலிருந்து ஒரு பிடி மணலை மட்டும் அள்ளிப் போடுவதால் யாருக்கு என்ன லாபம் என்ற தோரணையில் 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. தவளைக்கு விரல் நான்கு என்ற உயிரியல் கணக்கையும் தீர்ப்பே எழுதி வைத்திருக்கிறது.

இதையெல்லாம் தமிழ் மண்ணில் நட்டுப் பார்க்காவிட்டால் ஆய்வு முழுமையாகாது. ஆகவே ஒரு கடையை நானே நிறுவுகிறேன்; தாளில்தான். பெயர்: 'தறுதலை'. சரக்கு: ஆண்கள் பெண்கள் இருவருக்குமான டி-ஷர்ட். உரிமையாளர்: பொறியியல் முடித்து, இரண்டு வேலை மாறி, மூன்றாவதை விட்டுவிட்டு வந்த ஓர் இளைஞர். பெயரை அவர் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து அப்பா அன்றாடம் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஆக, பிராண்ட் ஆலோசகருக்குச் செலவு: இல்லை.

முதல் சிக்கல் திருப்பூரில் வரும். துணி 180 ஜி.எஸ்.எம்., பயோ வாஷ், இருநூறு பீஸ் என்பதெல்லாம் ஐந்து நிமிஷத்தில் பேசி முடிந்துவிடும். லேபிள்காரரிடமிருந்து சாயங்காலம் போன் வரும்.

"ஏனுங்க தம்பி, மெயின் லேபிளுக்கு நீங்க அனுப்புன பேரு சரிதானுங்களா?"

"சரிதாங்கண்ணா."

"இல்லீங்க, த-று-த-லைன்னு வந்திருக்குதுங்க. வேற ஏதாச்சும் டைப் பண்ணப் போய் இப்படி ஆகிருச்சோன்னு கேட்டேனுங்க."

"அதேதாங்கண்ணா பேரு."

கொஞ்ச நேரம் மறுமுனையில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

"சரிங்க. வீட்ல பெரியவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. ரோல் ஓட்டிட்டேன்னா திருப்பி எடுக்க மாட்டேனுங்க."

இந்த உரையாடலில் லேபிள்காரர் காட்டும் அக்கறை வணிகத்துக்கு எதிரானதன்று. அவர் தன்னையறியாமல் வசைத்திசை விதியைத் தொட்டுவிட்டார். எப்படியென்றால், 'தறுதலை' கழுத்துக்குள் மெயின் லேபிளில் இருக்கும்வரை, தறுதலை என்பவர் சட்டையை விற்றவர். அதே சொல்லைப் பெரிதாக்கி நெஞ்சில் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்தால், தறுதலை என்பவர் சட்டையைப் போட்டிருப்பவர். இரண்டுக்கும் இடையே ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணைக் கடக்கும்போது வசை உரிமையாளரை விட்டு வாடிக்கையாளருக்குக் கைமாறுகிறது. கல்லூரிப் பையன் அதையும் விரும்பி வாங்குவான். தன் தலையில் தானே போட்டுக்கொள்வதால் விதி மீறப்படவில்லை. ஆனால் பிறந்தநாள் பரிசாகத் தங்கை வீட்டுக்காரருக்கு வாங்கிப் போக முடியாது. பரிசுப் பொருள் சந்தை அப்படியே கையை விட்டுப் போகிறது. நெஞ்சில் அச்சடிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள் ஸ்டாக்கோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இதே சோதனையை 'தண்டச்சோறு மெஸ்' என்ற பெயரில் செய்து பார்க்கலாம். இங்கே வசை சாப்பிடுகிறவர் மேல் நேராகவே விழுகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள், ஊரில் அந்தப் பட்டத்தை ஏற்கெனவே வாங்கியவர்கள் என்பதால். வேலை கிடைத்த அன்று வேறு மெஸ்ஸுக்கு மாறிவிடுவார்கள். மாமனாரை அழைத்துக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். ஃபேமிலி ரூம், ஏ.சி. ஹால், எதுவும் கதைக்காகாது.

தறுதலைக்குத் திரும்புவோம். பெயர் வைத்தாயிற்று, இனி அதோடு குடித்தனம் நடத்த வேண்டும். பெயரின் குறும்பு பார்க்கிறவருக்கு ஒரு நொடி, நடத்துகிறவருக்கு ஆயுள். நடப்புக் கணக்கு திறக்க ரப்பர் ஸ்டாம்பு கேட்பார்கள். 'தறுதலைக்காக' என்று ஒரு வரி, கையெழுத்துக்கு இடம், கீழே 'உரிமையாளர்'. வங்கி அதிகாரி முத்திரையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி முத்திரையைப் பார்ப்பார். ஜி.எஸ்.டி.யில் சட்டப்பெயர் வேறு, வணிகப்பெயர் வேறு என்று இரண்டு கட்டம் இருப்பதால் தப்பித்தோம். அப்பா வைத்த இரண்டு பெயருக்கும் இடமிருக்கிறது. கூரியர் பையன் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்று, "ஜி-ஃபோர்ல யாருங்க, தறுதலைல இருந்து பார்சல்" என்று மேலே பார்த்துக் கூப்பிடுவான். 'இருந்து' என்பதைக் காற்று கொண்டுபோய்விட்டால் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வாரத்துக்குப் பேச்சு.

பலகையில் இன்னொரு வினை. ஆங்கிலத்தில் வசைப்பெயர் வைப்பவர்களுக்கு ஒரு மறைவிடம் இருக்கிறது. புரிகிறவர்களுக்குப் புரியும், மற்றவர்களுக்கு அது ஏதோ ஃபாரின் கம்பெனி. ஆனால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948, பலகையில் தமிழுக்கு முதலிடம் கேட்கின்றன. பிற மொழி இருந்தால் தமிழுக்குக் கீழேதான், பெரிய எழுத்தும் தமிழுக்குத்தான். இங்கிலீஷில் சொன்னால் ஸ்டைல் என்று தோன்றியதெல்லாம் இரண்டடித் தமிழ் எழுத்தில் நிற்கும்போது எதிர்வீட்டு அத்தை கண்ணாடி இல்லாமலே படித்துவிடுவார். மொழி வளர்க்க வந்த விதி, ஓசைப்படாமல் ஒழுக்கத்தையும் காவல் காக்கிறது. தறுதலைக்கு இதில் பயமில்லை. அது முதலிலிருந்தே தமிழ்.

கல்யாணச் சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்ற கேள்விக்குத் தரகர் சொல்லக்கூடிய உண்மையான பதில்கள் எதுவும் உதவாது. "ரெடிமேட் லைன்ல இருக்கார்" என்று முடித்துக்கொள்வார். இடக்கரடக்கல் கடைசியில் ஜெயிக்கும் இடம் அதுதான்.

பெயரைப் பதிவு செய்வதற்கு வருவோம். இந்திய வணிகச் சின்னங்கள் சட்டம், 1999, பிரிவு 9இல் ஆபாசமானதும் அவதூறானதும் பதியத் தகாதவை என்ற விலக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. புருனெட்டி நம் எல்லைக்குள் செல்லாது. தனிநபரும் சிறு தொழிலும் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். உடைகளுக்கு வகுப்பு 25. தறுதலை ஆபாசமா? எந்த அகராதியிலும் இல்லை. அவதூறா? சொன்னவர் அப்பா, சொல்லப்பட்டவர் விண்ணப்பதாரர். அவதூறு என்று யார் மனு போடுவது? இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

இதைவிடப் பெரிய எதிரி பழக்கம். வசைப்பெயரின் காரம் நாள்பட நாள்படக் குறையும். லண்டனில் கிங்ஸ் ரோடு 430ஆம் எண் கடையை நடத்திய மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் இதை எல்லோருக்கும் முன்பே உணர்ந்தவர்கள். 1974இல் அந்தக் கடை வாசலில் 'செக்ஸ்' என்று பெரிய இளஞ்சிவப்பு எழுத்துகளை மாட்டினார்கள். தெரு அதிர்ந்தது. இரண்டே வருஷத்தில் அதைக் கழற்றிவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். 1971இலிருந்து 1980க்குள் அதே வாசலில் ஐந்து பெயர்கள். அதிர்ச்சி பழகுவதற்குள் அடுத்தது. அதே மெக்லாரன் மேலாளராக இருந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் 1977 இசைத்தட்டு, உறையிலிருந்த ஒரு சொல்லுக்காக நாட்டிங்ஹாம் நீதிமன்றம் போனது. அந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் என்னவெல்லாம் பொருள்பட்டது என்று விளக்கப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லியைக் கூண்டில் ஏற்றினார்கள். பாதிரியார்களைக் கிண்டலாக அப்படி அழைப்பதுண்டு என்று அவர் பொறுமையாகச் சாட்சி சொன்னார். வழக்கு தள்ளுபடி. அந்தப் பேராசிரியரை இத்துறையின் ஆதிகுருவாக நான் வணங்குகிறேன். ஒரு சொல்லை வெளியே விடுவிப்பதற்கு அதை அறிஞர் ஒருவர் கையில் கொடுத்தால் போதும். காரம் தானாக இறங்கிவிடும்.

கான்பூரில் நடந்திருப்பதும் அதுதான். ஊருக்கு வருகிறவர்கள் உறவினருக்கு இனிப்பு வாங்கிப் போகும் கடையாக அது ஆகிவிட்டது. பெட்டியை நீட்டும்போது யாரும் அதை ஏமாற்று வேலை என்று நினைப்பதில்லை. தறுதலைக்கும் அந்த நாள் வரும். ஐந்தாறு வருஷம் கழித்துப் பாட்டி பேரனிடம், "தீபாவளிக்குத் தறுதலையில ரெண்டு செட்டு எடுத்துக்கோடா, துணி நல்லா உழைக்குது" என்பார். அன்றைக்குப் பெயர் இடுகுறியாகிவிட்டது என்று பொருள். முருகன் ஸ்டோர்ஸுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

அப்போதுதான் எதிர் வரிசையில் 'ஒரிஜினல் தறுதலை' திறப்பார்கள். பக்கத்து ஊரில் 'நியூ தறுதலை'. பஸ் ஸ்டாண்டு அருகே 'ஸ்ரீ தறுதலை'. நம் மக்கள் எதையும் மங்கலமாக்கிவிடுவார்கள். நம் ஆள் வக்கீலைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். அப்போது எதிர்த்தரப்பு, புருனெட்டிக்கு 2022இல் கிடைத்த அடியை இவருக்கும் கொடுக்கும். இது தமிழர் வீடுகளில் தினமும் புழங்கும் சொல், யாரோ ஒருவருக்கு மட்டும் எப்படி எழுதிக் கொடுப்பது? நம் சட்டத்திலும் நடைமுறை மொழியில் வழக்காகிவிட்டவற்றைப் பதியக் கூடாது என்று ஓர் உட்பிரிவு உண்டு. காலையில் எட்டு மணிக்கு மேல் எழுந்த எந்தப் பையனுடைய வீட்டிலும் சான்று கிடைக்கும். அதை முறியடிக்க ஒரே வழி, இடைவிடாத பயன்பாட்டால் இந்தச் சொல் தன்னை மட்டுமே குறிப்பதாக ஆகிவிட்டது என்று நிரூபிப்பது. ஆகவே நம் உரிமையாளர் முத்திரைத்தாளில் பிரமாண வாக்குமூலம் எழுதுவார்: ஊரில் எத்தனை பேர் அப்படிச் சொல்லிக்கொண்டாலும், உண்மையான, அசலான, முதல் தறுதலை நானே. எப்போதிலிருந்து என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். பத்தாம் வகுப்பிலிருந்து என்று சொன்னால் ஆதாரம் வேண்டும். அப்பாவுக்குத்தான் சம்மன் அனுப்ப வேண்டியிருக்கும். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, கூண்டில் ஏறி, சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.